காக்கஸ் இரவு: முதல் எண்களைப் படிக்கும் முறை

அமெரிக்க அதிபர் வேட்பாளரைக் கட்சிகள் தேர்ந்தெடுக்கும் காலத்தில், காக்கஸ் நடக்கும் இரவை வீட்டிலிருந்தே பின்தொடர விரும்புகிறவருக்கான அத்தியாயம் இது. ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு பேனா இருந்தால் போதும். அரசியல் அறிவு அதிகம் வேண்டியதில்லை; பொறுமைதான் வேண்டும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பிரைமரி எனப்படும் முதற்கட்டத் தேர்தலைப் பெரும்பாலும் மாநில அரசு நடத்துகிறது. காக்கஸை நடத்துவது கட்சி. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், தேவாலய மண்டபம், நூலகம் என்று கிடைத்த இடத்தில் அந்தப் பகுதிக் கட்சிக்காரர்கள் கூடுகிறார்கள். கூட்டத்தை நடத்துவதும், தலைகளை எண்ணுவதும், எண்ணைத் தலைமையகத்துக்குத் தெரிவிப்பதும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அந்த எண் அறையிலிருந்து கூட்டத் தலைவரிடம் போகிறது. அவரிடமிருந்து கட்சித் தலைமையகத்துக்கும், அங்கிருந்து ஊடகத்துக்கும், பிறகு உங்கள் போனுக்கும் வருகிறது. இந்த இரவில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு எண்ணும் இந்தப் பாதையின் எந்தப் படியிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பழகுங்கள். மற்ற எல்லாக் குறிப்புகளும் இந்த ஒரு கேள்விக்குத் துணை செய்பவைதான்.

(காக்கஸ் கூட்டம் நடக்கும் மிகச் சிறிய தேர்தல் பகுதியை இங்கே ‘வட்டாரம்’ என்று எழுதுகிறேன். செய்திகளில் அது பிரிசிங்க்ட் என்று வரும். பல வட்டாரங்கள் சேர்ந்தது ஒரு கவுண்டி. அயோவா மாநிலத்தில் 99 கவுண்டிகள்.)

முந்தின நாளே செய்ய வேண்டியவை

1. எந்த மாநிலம், எந்தக் கட்சி, எந்த நாள் என்று நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். இதில்கூடக் குழப்பம் வரும். 2024இல் நெவாடாவில் பிப்ரவரி 6 அன்று மாநில அரசு பிரைமரி நடத்தியது. இரண்டே நாளில், பிப்ரவரி 8 அன்று, குடியரசுக் கட்சி தனியாகக் காக்கஸ் நடத்தியது. பிரைமரிச் சீட்டில் நிக்கி ஹேலியின் பெயர் இருந்தது, டிரம்ப் பெயர் இல்லை. காக்கஸில் டிரம்ப் இருந்தார், ஹேலி இல்லை. தேசிய மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிப் பிரதிநிதிகள் ஒதுக்கப்பட்டது காக்கஸ் முடிவின்படி மட்டுமே. அந்தப் பிரைமரியில் ஹேலியை முந்தியது நம் நோட்டாவைப் போல அங்கே உள்ள ‘இவர்களில் எவருமில்லை’ என்ற தெரிவு. இந்த இரண்டு முடிவுகளையும் ஒரே போட்டியாக நினைத்துப் படித்தால் எதுவுமே விளங்காது.

2. நேரத்தைக் கணக்கிடுங்கள். அயோவாவில் கூட்டம் வழக்கமாக இரவு 7 மணிக்குத் தொடங்கும். குளிர்காலத்தில் அது சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மறுநாள் காலை 6.30, சிங்கப்பூருக்குக் காலை 9, லண்டனுக்கு நள்ளிரவு 1. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு நடக்கும் காக்கஸ் என்றால் நமக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்கும்.

3. அன்று எதை எண்ணப்போகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். அயோவா குடியரசுக் கட்சிக் கூட்டங்களில் ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் பேசுவார், பிறகு எல்லோரும் சீட்டில் பெயர் எழுதிப் போடுவார்கள், அங்கேயே எண்ணிவிடுவார்கள். 2020 வரை அயோவா ஜனநாயகக் கட்சியில் முறை வேறு. அதற்குத் தனிப் பகுதி கீழே இருக்கிறது. 2024இல் அந்தக் கட்சி தன் விருப்பச் சீட்டுகளைத் தபாலில் வாங்கி, முடிவை மார்ச் 5 அன்றுதான் வெளியிட்டது. ஜனவரியில் நடந்த கூட்ட இரவில் அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கு எண் எதுவும் கிடையாது. விதிகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. போன முறை படித்ததை வைத்து இந்த முறையைப் பார்க்காதீர்கள்.

4. மூன்று இடங்களை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: மாநிலக் கட்சியின் முடிவுப் பக்கம், அசோசியேட்டட் பிரஸ் (ஏபி), அந்த மாநிலத்தின் உள்ளூர் நாளிதழ் ஒன்று. அயோவா என்றால் டி மொயின் ரெஜிஸ்டர். உள்ளூர்ப் பத்திரிகையாளருக்கு எந்தக் கவுண்டி எப்போதும் தாமதமாக எண்ணும், எந்தக் கூட்டத் தலைவர் எங்கே இருப்பார் என்பதெல்லாம் தெரியும். நியூயார்க்கில் உட்கார்ந்து பேசும் பத்துப் பேரைவிட அவர் சொல்லும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

5. நோட்டில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: நேரம், எண், எத்தனை வட்டாரங்களிலிருந்து, யார் சொன்னது, எந்த வகை எண். கடைசிக் கட்டத்தை யாரும் போடுவதில்லை. இரவில் அதிகம் உதவுவது அதுதான்.

அறைக்குள் நடப்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்

2020இல் ஜனநாயகக் கட்சி பின்பற்றிய அயோவா முறையை ஒரு வட்டாரத்தை வைத்துப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, விதி உண்மையானது.

ஓர் அறையில் 61 பேர். அந்த வட்டாரத்திலிருந்து கவுண்டி மாநாட்டுக்கு 4 பிரதிநிதிகள். ஒரு வேட்பாளரின் குழு நிலைத்து நிற்க 15 சதவீதம் வேண்டும். 61இல் 15 சதவீதம் 9.15. பின்னம் வந்தால் மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும், ஆகவே 10 பேர். முதல் சுற்றில் அ-வுக்கு 24, ஆ-வுக்கு 17, இ-க்கு 11, ஈ-க்கு 9 பேர் நிற்கிறார்கள். ஈ-யின் குழு ஒரே ஒருவர் குறைந்ததால் கலைய வேண்டும். அவர்களில் ஐந்து பேர் ஆ-விடமும் மூன்று பேர் இ-யிடமும் போகிறார்கள், ஒருவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். இறுதிச் சுற்றில் அ 24, ஆ 22, இ 14.

இனி பிரதிநிதிகள். குழுவின் எண்ணிக்கையை 4ஆல் பெருக்கி, முதலில் வந்திருந்த 61ஆல் வகுக்க வேண்டும். கிளம்பிப் போனவரும் இந்த 61இல் சேர்த்தி. அ-வுக்கு 1.57, அதாவது 2. ஆ-வுக்கு 1.44, அதாவது 1. இ-க்கு 0.92, அதாவது 1. அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே இரண்டே தலை வித்தியாசம். பிரதிநிதிக் கணக்கிலோ ஒருவருக்கு மற்றவரைப் போல இரு மடங்கு.

ஒரே அறையிலிருந்து மூன்று வகை எண்கள் வெளியே வருவதைக் கவனித்திருப்பீர்கள்: முதல் சுற்று, இறுதிச் சுற்று, பிரதிநிதிக் கணக்கு. 2020இல் கட்சி முதன்முறையாக மூன்றையும் வெளியிட்டது. முதல் இரண்டிலும் பெர்னி சாண்டர்ஸ் முன்னிலை. மூன்றாவதில் பீட் புட்டிஜெஜ் மயிரிழையில் முன்னிலை. சாண்டர்ஸ் வென்றார் என்று பகிர்ந்தவரும் புட்டிஜெஜ் வென்றார் என்று பகிர்ந்தவரும் தத்தம் எண்ணைக் காட்ட முடிந்தது. உங்கள் நோட்டில் எண்ணின் வகையைக் குறிக்கும் கட்டம் இருந்தால் இந்தச் சண்டைக்குள் போக வேண்டியதே இல்லை.

குறிப்பு: இந்த முறையில் ஒரு வட்டாரத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பது முந்தைய தேர்தல்களில் அங்கே கட்சி வாங்கிய வாக்கைப் பொறுத்து முன்பே முடிவாகிவிடும். கூட்டம் அலைமோதும் கல்லூரி வட்டாரத்தின் படம் வந்தால், அந்த வேட்பாளருக்கு ஆள் பலம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். வரிசை இரு மடங்கு நீண்டால் பிரதிநிதிகள் இரு மடங்கு ஆவதில்லை.

இரவு தொடங்கியபின்: வரிசை

1. கூட்டம் தொடங்கும் நேரத்தையொட்டி ‘நுழைவுக் கருத்துக்கணிப்பு’ வரும். அறைக்குள் போகிறவர்களிடம் வாசலில் கேட்டது அது. யாரும் இன்னும் வாக்களிக்கவில்லை. அதில் வயது, படிப்பு, எந்தப் பிரச்சினை முக்கியம் என்ற விவரங்களைப் படியுங்கள். வெற்றி தோல்விக் கணக்கை அதிலிருந்து நோட்டில் ஏற்றாதீர்கள்.

2. முதல் எண்கள் வந்ததும் பெரிய எழுத்தில் உள்ள சதவீதத்தைப் பார்க்காமல், பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் வட்டார எண்ணிக்கையைப் பாருங்கள். 1,600 வட்டாரங்களில் 30 வந்திருந்தால், அந்த 30 எவை என்பதுதான் செய்தி. பதினைந்து பேர் கூடும் கிராமத்து மண்டபம் சீக்கிரம் எண்ணி முடித்துவிடும். ஐந்நூறு பேர் நிற்கும் நகரத்துப் பள்ளிக்கூடம் தாமதமாகும்.

3. கவுண்டி வரைபடத்தைத் திறந்து, பெரிய கவுண்டிகள் எவ்வளவு வந்திருக்கின்றன என்று பாருங்கள். அயோவாவில் போல்க் (டி மொயின் நகரம்), லின் (சீடர் ராபிட்ஸ்), ஸ்காட் (டாவன்போர்ட்), ஜான்சன் (அயோவா சிட்டி, பல்கலைக்கழகம்), ஸ்டோரி (ஏம்ஸ், இன்னொரு பல்கலைக்கழகம்) ஆகிய ஐந்தையும் தனியே எழுதி வைத்துக்கொண்டால் போதும். இவை வராதவரை மாநில மொத்தம் அரைகுறைதான். வரைபடம் முழுக்க ஒரே நிறமாகத் தெரிந்த 2024 குடியரசுக் கட்சிக் காக்கஸில்கூட ஜான்சன் கவுண்டியை ஹேலி ஒரே ஒரு வாக்கில் பிடித்தார். மற்ற 98ம் டிரம்புக்கு.

4. ஊடகம் வெற்றியாளரை அறிவித்தால், அறிவித்த நேரத்தையும் நிறுவனத்தையும் எழுதுங்கள். அறிவிப்பு வேறு, எண்ணி முடிப்பது வேறு. 2024 ஜனவரி 15 அன்று அயோவாவில் 7 மணிக்குக் கூட்டங்கள் தொடங்கின, 7.31க்கு டிரம்ப் வென்றதாக ஏபி அறிவித்தது. வாக்காளர்களிடம் எடுத்திருந்த ஆய்வும் முதலில் வந்த எண்களும் ஒன்றையே காட்டியதால் அவ்வளவு சீக்கிரம் சொன்னார்கள். முடிவும் அப்படியே அமைந்தது, டிரம்புக்கு 51 சதவீதம். ஆனால் பல அறைகளில் அப்போது பேச்சே முடியவில்லை. கையில் சீட்டை வைத்துக்கொண்டு இருந்தவர்களின் போனில் ‘முடிந்துவிட்டது’ என்ற செய்தி வந்து விழுந்தது. போட்டியிட்ட டிசாண்டிஸின் தரப்பு கடுமையாக ஆட்சேபித்தது, எனக்கும் அந்த ஆட்சேபம் நியாயமாகவே படுகிறது. உங்களுக்கான பாடம் வேறு: முதலிடம் அறிவிக்கப்பட்டாலும் இரண்டாமிடம் திறந்தே இருக்கும். அன்று உண்மையான போட்டியே டிசாண்டிஸுக்கும் ஹேலிக்கும் இடையிலான அந்த இரண்டாமிடத்துக்குத்தான்.

5. எண் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால், ‘வரவில்லை’ என்றே நோட்டில் எழுதுங்கள். அந்த வெற்றிடத்தை வேறொன்றால் நிரப்பாதீர்கள். 2020 பிப்ரவரி 3 இரவை இதற்காகவே விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்று அயோவா ஜனநாயகக் கட்சி எண்களைப் பெறப் புதிய செயலி ஒன்றைக் கொடுத்திருந்தது. அது பல இடங்களில் சரியாக வேலை செய்யவில்லை. கூட்டத் தலைவர்கள் தொலைபேசியில் சொல்லப் பார்த்தார்கள், எல்லா இணைப்பும் நிரம்பியிருந்தது. ஸ்டோரி கவுண்டியின் ஒரு வட்டாரச் செயலாளர் ஒரு மணி நேரத்துக்கு மேலாக இணைப்பில் காத்திருந்தார். அவரை சிஎன்என் நேரலையில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோதே, காத்திருந்த அழைப்பை மறுமுனையில் எடுத்தார்கள். அவர் பேட்டியை விட்டுத் திரும்பிப் பேசுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அத்தனை பேர் பார்த்த காட்சி அது. அவரிடம் எண் இருந்தது. அறையில் எண்ணிச் சரிபார்த்த எண். அடுத்த படிக்குத்தான் போக வழியில்லை.

முடிவு இல்லாத அந்த மணி நேரங்களில் வந்தவை எவை? புட்டிஜெஜ் மேடையேறி வெற்றி பெற்ற தொனியில் பேசினார். சாண்டர்ஸ் தரப்பு தன் ஆட்கள் திரட்டிய உள் எண்களை வெளியிட்டது. செயலியை உருவாக்கியவர் ஹிலாரி கிளிண்டனின் முன்னாள் பிரசார மேலாளர் ராபி மூக் என்ற வதந்தி ஓடியது, அது பொய். எட்டு அயோவா கவுண்டிகளில் வயதுவந்தோர் எண்ணிக்கையைவிட வாக்காளர் பட்டியல் பெரிது என்ற கூற்றும் அதே நாளில் பரவியது. மாநிலச் செயலாளர் பால் பேட், குடியரசுக் கட்சிக்காரர், அதை அன்றே மறுத்தார். வதந்தி எந்தத் தரப்புக்குச் சாதகம் என்று பார்க்காமல் மறுத்த அந்தச் செயலைக் குறித்து வைக்க வேண்டும்.

மறுநாள் மாலைதான் கட்சி முதல் எண்ணை, 62 சதவீத வட்டாரங்களின் கணக்கை, வெளியிட்டது. அதன்பின் வந்த எண்களிலும் முரண்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரங்களின் கணக்கு தனக்குள்ளேயே பொருந்தவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்தது. ஏபி கடைசி வரை வெற்றியாளரை அறிவிக்கவில்லை. பல பத்தாண்டுகளாகத் தேர்தல் முடிவு சொல்லி வரும் நிறுவனம் ‘சொல்ல முடியாது’ என்று நின்றது. நீங்களும் அப்படி நிற்கலாம்.

உறுதியாகாத செய்தி வந்தால்

காக்கஸ் இரவில் வரும் பெரும்பாலான தவறான செய்திகள் முழுப் பொய் அல்ல. ஓர் உண்மையின் பாதி அறுந்து ஓடிவருவதுதான் வழக்கம். இதற்கு அயோவா காக்கஸ் நடந்த 2016 பிப்ரவரி 1ஐவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கூட்டங்கள் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது, குடியரசுக் கட்சி வேட்பாளர் பென் கார்சன் அடுத்துத் தேர்தல் நடக்கும் நியூஹாம்ப்ஷயருக்கு நேரே போகாமல் ஃபுளோரிடாவில் உள்ள வீட்டுக்குப் போகிறார் என்று ஒரு சிஎன்என் நிருபர் ட்விட்டரில் எழுதினார். அது சரி. அயோவா முடிவு எப்படி இருந்தாலும் கார்சன் போட்டியில் தொடர்வார் என்று அவர் தரப்பு கூறியதையும் அதே நிருபர் தொடர்ந்து எழுதினார். அதுவும் சரி. அவருடைய போட்டியாளர் டெட் குரூஸின் அணி தன் ஆட்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் முதல் பாதி மட்டுமே இருந்தது. கார்சன் பிரசாரத்திலிருந்து ஒதுங்குகிறார், பெரிய அறிவிப்பு வரப்போகிறது, அவருடைய ஆதரவாளர்களிடம் சொல்லி குரூஸ் பக்கம் இழுங்கள் என்று. அறைகளில் அது வாய்வழியே அறிவிக்கப்பட்டது. குரூஸ் 27.6 சதவீதத்துடன் வென்றார். கார்சனுக்கு 9.3. மறுநாள் குரூஸ் மன்னிப்புக் கேட்டார். கார்சன் அதன்பின் ஒரு மாதம் போட்டியில் இருந்தார்.

ஆகவே ஒரு செய்தி வந்தவுடன் இப்படிச் செய்யுங்கள்:

1. போனிலிருந்து கையை எடுங்கள். பகிர்வதற்கு முன் குறைந்தது பத்து நிமிடம். காக்கஸ் இரவில் பத்து நிமிடத்தில் மறுப்பு வந்துவிடும், அல்லது இன்னொருவரும் உறுதி செய்துவிடுவார்.

2. முதலில் சொன்னவர் யார் என்று பின்னோக்கிப் போங்கள். ‘செய்திகள் கூறுகின்றன’ என்று தொடங்கினால் எந்தச் செய்தி என்று தேடுங்கள். மூல நிருபரின் பக்கத்துக்கே போய், அவர் அதற்கு முன்னும் பின்னும் எழுதியதைப் படியுங்கள். கார்சன் விஷயத்தில் இந்த ஒரு வேலை போதுமாக இருந்திருக்கும்.

3. சொல்பவருக்கு இதில் என்ன லாபம் என்று பாருங்கள். எதிர் அணியின் வாயிலிருந்து ‘அவர் விலகுகிறார்’ என்று வந்தால், விலகுகிறவரின் அணி சொல்லும்வரை அது செய்தி அல்ல.

4. அறைக்குள் இருந்தவரின் நேரடிச் சாட்சி என்றால், அது எந்த வட்டாரம் என்று கேளுங்கள். ஓர் அறையின் உண்மை ஓர் அறைக்கு மட்டும். 2016இல் சில ஜனநாயகக் கட்சி வட்டாரங்களில் சமநிலை வந்தபோது நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள், விதியே அப்படி. கிளிண்டன் ஆறு சுண்டலையும் வென்றார், அதனால்தான் மாநிலமே அவர் கையில் வந்தது என்று காணொளிகளோடு பரவியது. சாண்டர்ஸ் வென்ற சுண்டல்களும் இருந்ததாகப் பின்னர் கட்சி தெரிவித்தது. சுண்டலில் முடிவானது கவுண்டி மாநாட்டுக்கான பிரதிநிதி இடம்தான், மாநில அளவில் அதன் எடை மிகச் சிறிது. காணொளிகள் உண்மை. அவற்றிலிருந்து எடுத்த முடிவு தவறு.

5. ஆனாலும் அறைச் சாட்சியைத் தூக்கி எறியாதீர்கள். 2012 குடியரசுக் கட்சிக் காக்கஸில் அயோவாவின் ஆப்பனூஸ் கவுண்டியில் வாக்கெண்ணிக்கைக்கு உதவிய ஒருவர், எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்திருந்தார். வேட்பாளர் ராம்னிக்கு 2 வாக்கு என்று அவர் காகிதம் சொன்னது. கட்சிப் பக்கத்தில் 22 என்று இருந்தது. மாநில அளவில் வித்தியாசமே 8 வாக்காக இருந்த இரவில் இருபது வாக்கு சின்ன விஷயமில்லை. எந்த வட்டாரம், எந்த எண், எதோடு பொருந்தவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. யாரும் போய்ச் சரிபார்க்கக்கூடிய அப்படிப்பட்ட செய்தியைத் தனிப் பக்கத்தில் ‘சரிபார்க்க வேண்டியவை’ என்று எழுதி வையுங்கள். ‘எங்கும் மோசடி’ என்று மட்டும் சொல்லும் செய்திக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை.

6. குரலும் படமும் சான்று ஆகாது. 2024 ஜனவரியில், நியூஹாம்ப்ஷயர் பிரைமரிக்கு முன், ஜோ பைடனின் குரலைச் செயற்கையாக உருவாக்கி, வாக்களிக்க வேண்டாம் என்று சொல்லும் தானியங்கி அழைப்புகள் வாக்காளர்களுக்குப் போயின. முடிவுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நம்பாமல், அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

வேட்பாளரின் உரையை முடிவாக எடுத்துக்கொள்வது. எந்த வேட்பாளரும் அன்றிரவு தோற்றதுபோல் பேசமாட்டார். அது அவர் வேலை.

‘100 சதவீத வட்டாரங்கள் வந்துவிட்டன’ என்பதை இறுதி என்று நினைப்பது. வந்த எண்ணில் தட்டச்சுப் பிழை, இரண்டு வேட்பாளர்களின் எண் இடம் மாறுவது எல்லாம் இருக்கலாம். காகிதத்தோடு ஒப்பிட்டுச் சான்றளிக்கும்வரை அது கச்சா எண்தான்.

பந்தயச் சந்தையின் சதவீதத்தை வாக்குச் சதவீதமாகப் படிப்பது. ஒருவருக்கு ‘80’ என்று இருந்தால் அவர் வெல்வார் என்று பந்தயம் கட்டியவர்கள் நினைக்கிறார்கள் என்று பொருள். அவர்களும் உங்களைப் போலவே சமூக ஊடகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

மிகச் சிறிய வித்தியாசத்துக்குப் பெரிய பொருள் கொடுப்பது. கட்சி நடத்தும், தொண்டர்கள் கையால் எண்ணும் கூட்டத்தில் பத்து இருபது வாக்கு வித்தியாசம் என்றால் ‘சமம்’ என்றே எழுதுங்கள். தலைப்புச் செய்தி என்ன சொன்னாலும் உங்கள் நோட்டில் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: ஒத்திவைக்கப்பட்ட இடங்கள். 2012 பிப்ரவரியில் மெயின் மாநிலத்தின் குடியரசுக் கட்சிக் காக்கஸில் ராம்னி 194 வாக்கில் இன்னொரு வேட்பாளரான ரான் பாலை வென்றதாகக் கட்சி அறிவித்தபோது, பனிப்புயல் எச்சரிக்கையால் வாஷிங்டன் கவுண்டி தன் கூட்டத்தையே நடத்தியிருக்கவில்லை. முடிவைப் படிக்கும்போது, ‘இன்னும் யார் கூடவில்லை’ என்றும் தேடுங்கள்.

பாதுகாப்பு

உங்களுக்கான பாதுகாப்பு முதலில். ‘நேரலை முடிவு’ என்று வரும் குறுஞ்செய்தி இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். முடிவு பார்க்கச் செயலி இறக்கச் சொன்னால் வேண்டாம். இந்த நாட்களில் நன்கொடை கேட்கும் போலிப் பக்கங்கள் அதிகம் உலவும். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர் அங்குள்ள தேர்தல் பிரசாரத்துக்கு நன்கொடை கொடுப்பது சட்டப்படி தடை. ஆகவே இங்கிருந்து பின்தொடர்கிறவரிடம் பணம் கேட்கும் எந்தப் பக்கமும் உங்களுக்கானது இல்லை.

மற்றவர்களின் பாதுகாப்பை இதைவிட அழுத்தமாகச் சொல்கிறேன். கூட்டத் தலைவர் என்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர், விவசாயி, கல்லூரி மாணவர். ஒரு கணக்குப் பிழைக்காக அவர் பெயரையும் முகத்தையும் உலகம் முழுக்கச் சுற்றவிடுவது கொடுமை. கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் தெரியும் கணக்குத் தாளின் படம் வந்தால் அதைப் பகிராதீர்கள். பகிர்ந்தே ஆக வேண்டுமென்றால் எண்களை மட்டும் எழுதுங்கள். 2020இல் எண்களைத் தெரிவிப்பதற்கான தொலைபேசி எண் இணையத்தில் பரவி, சம்பந்தமில்லாதவர்கள் அழைத்து வழியை அடைத்தார்கள். முடிவு கேட்க எந்த உதவி எண்ணையும் அழைக்காதீர்கள். அந்த வழி, கையில் எண்ணோடு காத்திருக்கும் தொண்டருக்கு உரியது.

தவறாக ஒன்றைப் பகிர்ந்துவிட்டால், அழித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அதே குழுவில், ‘நான் அனுப்பியது தவறு, சரியானது இது’ என்று எழுதுங்கள். அழித்த செய்தியை ஏற்கெனவே படித்தவர்கள் அதை நம்பிக்கொண்டே இருப்பார்கள்.

மறுநாளும் அடுத்த வாரங்களும்

1. மறுநாள் காலை, நோட்டில் எழுதிய கடைசி எண்ணைக் கட்சிப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பழையதை அடிக்காதீர்கள்.

2. சான்றளித்த முடிவு எப்போது வரும் என்று பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். 2012 ஜனவரி 3 அன்று அயோவா குடியரசுக் கட்சிக் காக்கஸ் இரவில் வேட்பாளர்களான ராம்னிக்கு 30,015 வாக்கு, சாண்டோரமுக்கு 30,007. எட்டு வாக்கில் ராம்னி வெற்றி என்று அறிவிப்பு. அதற்கு முன், நள்ளிரவு தாண்டியும் வராமல் கடைசியாக நின்றது கிளிண்டன் கவுண்டி எண். அதை அந்த ஊர்க் கட்சிப் பொறுப்பாளர்கள் இருவர் தொலைக்காட்சி நேரலையில் தொலைபேசியில் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பதினாறு நாள் கழித்துச் சான்றளித்த கணக்கு வந்தது: சாண்டோரம் 29,839, ராம்னி 29,805. 1,774 வட்டாரங்களில் 8இன் தாள்கள் கிடைக்கவே இல்லை. முதலில் யாரும் வெல்லவில்லை என்பதுபோல் பேசிய கட்சி, பிறகு சாண்டோரம் வென்றதாக ஏற்றுக்கொண்டது. அதற்குள் நியூஹாம்ப்ஷயரில் வாக்குப்பதிவே முடிந்துவிட்டது.

3. மறு எண்ணிக்கை கேட்டிருந்தால், எந்த வட்டாரங்களில், எந்த வகை என்று எழுதுங்கள். கணக்குத் தாளைக் கணினியில் ஏற்றிய எண்ணோடு ஒப்பிடுவது ஒன்று. சீட்டுகளையே மீண்டும் எண்ணுவது வேறு. 2020இல் இரண்டும் நடந்தன. இறுதியில் புட்டிஜெஜுக்கு 562.954, சாண்டர்ஸுக்கு 562.021 என்று, மாநில அளவுக்கு மாற்றிய பிரதிநிதிக் கணக்கில் வந்து நின்றது.

4. பிரதிநிதிகள் உண்மையில் யாருக்குப் போனார்கள் என்பதைக் கோடைக்காலத் தேசிய மாநாடு வரை தொடர்ந்து கவனியுங்கள். கவுண்டி மாநாடு, மாநில மாநாடு என்று படிப்படியாகத் தேர்வு நடக்கும். காக்கஸ் இரவு முடிவு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்துமா என்பது கட்சி விதியைப் பொறுத்தது. 2012இல் அயோவா குடியரசுக் கட்சிக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. அன்றிரவு மூன்றாவதாக வந்த ரான் பாலின் ஆதரவாளர்கள் கூட்டம் முடிந்தும் கலையாமல் உட்கார்ந்திருந்து, ஒவ்வொரு படியிலும் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுக்க வைத்தார்கள். ஆகஸ்டில் தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் ரான் பாலுக்கு வாக்களித்தார்கள்.

5. ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று தேதிகளை முன்கூட்டியே எழுதி இடம் விடுங்கள்: சான்றளிக்கும் நாள், கவுண்டி மாநாடு, மாநில மாநாடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்த இடத்தில் எண்ணை நிரப்புங்கள்.